குளிரை எண்ணும் கிளைகள்

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு செர்ரி மரத்திலிருந்து முப்பது கிளைகள் வெட்டினேன். ஜனவரி தொடக்கத்தில் ஒரு நிகழ்ச்சி. மேடையின் இரண்டு பக்கமும் ஆளுயரச் சாடிகளில் செர்ரி பூத்து நிற்கும் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். வெந்நீரில் வைத்தேன், இதமான அறையில் வைத்தேன், காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். நாலு வாரம் ஓடியது. வெட்டிய அன்று எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன மொட்டுகள். அதற்குப் பிறகு நுனி காய்ந்தது, தொட்டால் உதிர்ந்தது. நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு முப்பது கிளையையும் கட்டித் தூக்கி வெளியே வைத்துவிட்டு, கிடைத்த பூக்களை வைத்து ஒப்பேற்றினேன். அந்த மேடையை இன்று நினைத்தாலும் நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அக்கா ஒருவர் உண்டு. அவரிடம் போய்ச் சொன்னேன். தண்ணீரைப் பற்றியோ அறையைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“வெட்டுறதுக்கு முன்னாடி எத்தனை நாள் குளிர் பட்டுச்சு அதுக்கு?”

“தெரியலக்கா. அந்த வருஷம் குளிர் லேட்டாத்தான் வந்துச்சு.”

“அது இன்னும் தூங்கியே முடிக்கல. நீ அதுக்குள்ள எழுப்பப் பாத்திருக்க.”

குளிர்காலக் கிளைகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஒரு பேச்சிலிருந்து கிளைத்ததுதான். வசந்தத்தில் பூக்கும் மரங்களும் புதர்களும் பூமொட்டை வசந்தத்தில் உண்டாக்குவதில்லை. அதற்கு முந்தைய கோடையிலேயே மொட்டு கட்டிவிடுகிறது. மஞ்சள் பூப் புதரான ஃபோர்சித்தியா, செர்ரி, மக்னோலியா, ஆப்பிள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். இலை உதிரும்போதே அடுத்த ஆண்டின் பூ முழுதாக உள்ளே மடிந்து கிடக்கிறது. அது திறக்காமல் இருப்பதற்குக் காரணம் மொட்டுக்குள்ளேயே இருக்கும் ஒரு பூட்டு. நடுவில் இரண்டு நாள் வெயில் அடித்ததென்று ஏமாந்து பூத்துவிட்டால், பின்னால் வரும் உறைபனி அத்தனையையும் கருக்கிவிடும் அல்லவா? அதனால் போதிய அளவு குளிரை வாங்கிய பிறகுதான் அந்தப் பூட்டு கழலும்.

பழத்தோட்டக்காரர்கள் இதை மணிக்கணக்கில் எண்ணுகிறார்கள். எளிய கணக்கு இதுதான்: 0 முதல் 7 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் மரம் கழித்த மணி நேரங்களைக் கூட்டிக்கொண்டே போவது. உறைநிலைக்குக் கீழே போன கடுங்குளிர் இந்தக் கணக்கில் சேராது. ஆப்பிள், செர்ரி வகைகளில் பலவற்றுக்கு 800 முதல் 1000 மணி நேரத்துக்கு மேலும் தேவைப்படும். இரவும் பகலும் விடாத குளிர் என்று வைத்துக்கொண்டால் ஆறு வாரம் 1008 மணி நேரம். பூக்கலைஞர்கள் “ஆறு வாரக் குளிர் முடியட்டும்” என்று வாய்க்கணக்காகச் சொல்வது இதனால்தான். என் செர்ரிக்கு அதில் பாதிகூடக் கிடைத்திருக்கவில்லை. வெந்நீரும் இதமான அறையும் எழுப்பும் வேலையைச் செய்யும். குளிர் செய்யவேண்டிய வேலையை அவற்றால் செய்ய முடியாது.

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். இரவு வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கிய நாளைக் குறித்துவைத்து அங்கிருந்து எண்ணுவேன். வடகோளத்தில் பெரும்பாலும் ஜனவரி நடுவில்தான் முதல் வெட்டு. அதற்கு முன்பே யாராவது பூத்த கிளை வேண்டும் என்று கேட்டால், குளிர்காலத்திலேயே இயல்பாகப் பூக்கும் விட்ச் ஹேசலைக் காட்டுவேன். அதுவும் கிடைக்காவிட்டால் முடியாது என்று சொல்லிவிடுவேன். சொல்லும்போது சங்கடமாகத்தான் இருக்கும். காய்ந்த மேடையின் முன்னால் நிற்பதற்கு அது எவ்வளவோ மேல்.

குளிர்க் கணக்கு முடிந்த பிறகு இன்னொரு கணக்கு தொடங்குகிறது. இயல்பாகப் பூக்கும் நாளை நெருங்க நெருங்க, வீட்டுக்குள் கிளை எடுத்துக்கொள்ளும் நாள் குறையும். ஜனவரி கடைசியில் வெட்டிய ஃபோர்சித்தியா என்னிடம் பூக்க இரண்டரை வாரம் ஆகும். அதே புதரில் மார்ச் தொடக்கத்தில் வெட்டினால் ஒரு வாரம் போதும். செர்ரிக்கு முதலில் நாலு வாரம் என்றால் பிறகு இரண்டு வாரம். வெளியே கழிந்த குளிர்நாள் எதுவும் வீண்போவதில்லை.

அடுத்ததாகக் கற்றுக்கொண்டது, எந்த மொட்டு பூ, எந்த மொட்டு இலை என்று பார்த்தவுடன் சொல்வது. பூமொட்டு பருத்து உருண்டிருக்கும். இலைமொட்டு ஒல்லியாக, கூராக, கிளையோடு ஒட்டிப் படுத்திருக்கும். செர்ரியில் குட்டையான முடிச்சுக் கொப்புகளில் பூமொட்டுகள் கொத்தாக உட்கார்ந்திருக்கும். ஆப்பிள், கிராப் ஆப்பிள் வகைகளில் சுருக்கம் விழுந்த குட்டைக் கொப்புகளின் நுனியில், மெல்லிய ரோமத்தோடு தடித்திருப்பவைதான் பூமொட்டுகள். மக்னோலியாவில் சந்தேகத்துக்கே இடமில்லை. நுனியில் பூனை ரோமம் போர்த்தியதுபோல் பெரிதாக நிற்பது பூ, பக்கவாட்டில் சின்னதாக இருப்பது இலை. ஐயம் வந்தால் ஒரு மொட்டை எடுத்துப் பிளேடால் நெடுக்காகப் பிளந்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். பூமொட்டுக்குள் இதழும் மகரந்தத் தாள்களும் குட்டியாக அடுக்கிக் கிடக்கும். நான் முதன்முதலில் அப்படிப் பார்த்த நாளில் வெகு நேரம் கண்ணாடியைக் கீழே வைக்கவே இல்லை.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். நேராக, பளபளவென்று மேல் நோக்கி ஓடும் நீர்ப்போத்துகளை ஆசையாக வெட்டி எடுத்து வருவார்கள். பார்க்கக் கச்சிதமாக இருக்கும். ஆனால் ஆப்பிளிலும் செர்ரியிலும் அந்த இளம் போத்தில் இருப்பது அநேகமாக இலைமொட்டுதான். கோணலாக, முடிச்சு முடிச்சாக, வயதான முகத்தோடு இருக்கும் கிளையில்தான் பூ. ஃபோர்சித்தியா இதற்கு நேர்மாறு. போன கோடையில் வளர்ந்த இளங்கொம்பில்தான் அது நன்றாகப் பூக்கும். மரத்துக்கு மரம் இது மாறும் என்பதால் கத்தரியை எடுப்பதற்கு முன் ஒரு சுற்று சுற்றி வந்து பார்ப்பது என் வழக்கம்.

நோட்டில் மொட்டின் நிலையைக் குறிக்க முதலில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டேன். மறுவருடம் புரட்டிப் பார்த்தால் எனக்கே விளங்கவில்லை. பிறகுதான் நம் மொழியிலேயே பூவின் பருவத்துக்கு ஏழு பெயர் இருப்பது நினைவுக்கு வந்தது: அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த வரிசை. இன்று என் வேலையே அந்தச் சொற்களில்தான் நடக்கிறது. செதில் இறுக மூடியிருந்தால் அரும்பு. செதில் விலகிப் பச்சை தெரிந்தால் மொட்டு. இதழின் நிறம் முதன்முதலாக எட்டிப் பார்த்தால் முகை. அங்கிருந்து மலர், முழுதாக விரிந்தால் அலர், விழத் தொடங்கினால் வீ, வாடிக் கிடந்தால் செம்மல். இலக்கணப்படி இந்த எல்லைகள் சரியா என்று புலவர்கள் சொல்லட்டும், வாளிகளின் முன்னால் நிற்கும் எனக்கு இது அத்தனை உதவியாக இருக்கிறது. க்வின்ஸ் என்ற பூப்புதருக்கு “க்வின்ஸ், பிப்ரவரி 9, முகை” என்று ஒரு வரி எழுதினால் அடுத்த ஆண்டும் கண்முன் தெரிகிறது.

வெட்டுவதற்கு உறைநிலைக்கு மேல் வெப்பம் ஏறிய உலர்ந்த பகல்தான் நல்லது. உறைந்திருக்கும் கிளை கண்ணாடிபோல் ஒடியும், மொட்டும் சிதறும். அவசரத்துக்கு வேறு வழியில்லாமல் உறைகுளிரில் வெட்ட நேர்ந்தால், நேராகச் சூடான அறைக்குள் கொண்டு வராமல் ஓர் இரவு குளிர்ந்த கொட்டகையில் வைத்து மெல்ல மெல்ல உள்ளே எடுப்பேன். அறுபது முதல் தொண்ணூறு செ.மீ. நீளம் கையாள எளிது. தாய்க்கிளையில் குச்சி மிச்சம் விடாமல், பக்கக் கொப்பு பிரியும் இடத்துக்கு அருகே சாய்வாக வெட்ட வேண்டும்.

மரத்தின் பக்கம் நின்றும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் வெட்டுவது அந்த மரம் அடுத்த மாதம் பூக்கவிருந்த பூவை. ஒரே புதரில் நாலில் ஒரு பங்குக்கு மேல் நான் எடுப்பதில்லை. ஒரே பக்கத்தில் எடுப்பதும் இல்லை. ஆப்பிள் வகை மரங்களைக் குளிர்காலத்தில் கவாத்து செய்வது வழக்கம்தான் என்பதால், கவாத்தில் விழும் கிளையிலேயே என் தேவை பாதி தீர்ந்துவிடும். தடித்த கிளை வேண்டுமென்றால் அங்கேதான் போவேன். செர்ரி, பிளம் இரண்டிலும் கவனம் தேவை. வெள்ளி இலை நோய் என்று ஒரு பூஞ்சை நோய் உண்டு. ஈரமும் குளிருமான நாட்களில் புது வெட்டுக்காயம் வழியாக அது உள்ளே நுழைகிறது. அதனால் இந்த மரங்களில் பெரிய வெட்டைக் கோடைக்கு ஒத்திவைக்கச் சொல்வார்கள். பென்சில் பருமனுக்கு மேல் குளிர்காலத்தில் நான் அவற்றில் கை வைப்பதில்லை. ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் கத்தரியைச் சாராயத் துணியால் துடைத்துவிடுவேன்.

இனி தண்ணீர். கிளை நுனியைச் சுத்தியலால் நசுக்கி வைத்தால் தண்ணீர் நன்றாக ஏறும் என்று எனக்கும் சொல்லித் தந்தார்கள், பல வருடம் நானும் நசுக்கினேன். ஒரு முறை சோதித்துப் பார்க்கலாமே என்று ஒரே மரத்துக் கிராப் ஆப்பிள் கிளைகளை இரண்டு வாளியில் வைத்தேன். ஒன்றில் நசுக்கியவை, மற்றதில் அடியைச் சாய்வாகச் சீவி, கூர்க்கத்தியால் குறுக்கும் நெடுக்குமாக மூன்று செ.மீ. மட்டும் பிளந்தவை. நாலாம் நாள் நசுக்கிய வாளித் தண்ணீர் கலங்கி நாறியது. அந்த வாளியில் மொட்டும் பின்தங்கியது, உதிர்வும் அதிகம். நசுங்கிய திசு பாக்டீரியாவுக்கு விருந்து. அது பெருகி, கிளைக்குள் தண்ணீர் ஏறும் நுண்ணிய நீர்க்குழாய்களை அடைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு சுத்தியல் என் மேசைக்கு வந்ததில்லை. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

வெட்டிய கிளை காற்றில் கிடந்தால் நீர்க்குழாய்க்குள் காற்றுக் குமிழி புகுந்து வழியை மறிக்கும். அதனால் கொண்டுவந்ததும் அடியில் இரண்டு செ.மீ. மறுபடி வெட்டி, கை பொறுக்கும் சூட்டில், சுமார் 40 டிகிரி தண்ணீரில் உடனே இறக்கிவிட வேண்டும். நெடுநேரம் வெளியே கிடந்து வறண்ட கிளைகளைப் பெரிய தொட்டியில் ஓர் இரவு முழுக்க முக்கி வைப்பதும் உண்டு. இறுகிய செதில் அதில் இளகிக்கொடுக்கும். நீர்மட்டத்துக்குக் கீழே வரும் மொட்டுகளைக் கையால் உருவிவிட வேண்டும். இல்லையென்றால் அவை அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். மூன்று நாளுக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றி, அந்தச் சமயத்தில் வாளியையும் கழுவுவேன்.

எங்கே வைப்பது என்பதில்தான் ஆர்வக்கோளாறு நிறைய நடக்கும். சீக்கிரம் பூக்கட்டும் என்று ஹீட்டர் பக்கத்தில் வைப்பார்கள். பூக்கும்தான். ஆனால் காற்று வறண்டுபோய் மொட்டுகள் பாதியில் காய்ந்து விழும். விழாதவையும் சின்னதாய், வெளுத்து, இரண்டே நாளில் கொட்டும். 15 முதல் 18 டிகிரி வரையுள்ள அறை, நேர் வெயில் படாத நல்ல வெளிச்சம், தினமும் இரண்டு முறை மெல்லிய நீர்த்தெளிப்பு இருந்தால் போதும். முதல் சில நாள் கிளைகள் மேல் பிளாஸ்டிக் தாளைத் தளர்வாகப் போர்த்தி வைத்தால் ஈரம் நிற்கும். செதில் விலகியதும் தாளை எடுத்துவிட வேண்டும், விட்டால் பூசணம் பூக்கும்.

வெளிச்சத்தின் அருமையை எனக்கு உணர்த்தியது க்வின்ஸ். தோட்டத்தில் பவளச் சிவப்பில் பூக்கும் அதே புதர்க் கிளை, மங்கலான என் வேலையறையில் வெளிறிய ரோஜாவாக, சில இடத்தில் வெள்ளையாகவே பூத்தது. வெளிச்சம் குறைந்து வெப்பம் கூடினால் சிவப்பு நிறமி சரியாகக் கூடுவதில்லை. ஆழ்ந்த நிறம் வேண்டுமா, குளிர்ச்சியான, பிரகாசமான ஜன்னலோரத்தில் பொறுமையாக வையுங்கள். எனக்கோ இப்போதெல்லாம் அந்த வெளிறிய நிறமே பிடித்துப்போய்விட்டது. சில சமயம் வேண்டுமென்றே இரண்டு வாளியைப் பிரித்து, ஒன்றை ஜன்னலிலும் ஒன்றை உள்ளேயும் வைத்து, இரண்டு சாயலையும் ஒரே சாடியில் சேர்ப்பேன்.

எந்தக் கிளையில் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஃபோர்சித்தியாதான். எவ்வளவு தப்பு செய்தாலும் பூத்துவிடும். நாலு இதழ் மஞ்சள், கிளை முழுக்க. அதற்கு அடுத்து கார்னீலியன் செர்ரி. பெயரில் செர்ரி இருந்தாலும் டாக்வுட் குடும்பம். பொடிப்பொடியான மஞ்சள் கொத்து, தொலைவிலிருந்து பார்த்தால் புகைபோல் இருக்கும், பேசப்பட வேண்டிய அளவுக்கு யாரும் இதைப் பேசுவதில்லை. க்வின்ஸ் முள்ளுள்ளது, தடித்த கையுறை வேண்டும். ஆனால் அதன் கிளை வளைந்து போகும் கோடு போல வேறு எதிலும் கோடு கிடையாது. மக்னோலியா பேரழகி. விரிந்த இதழில் விரல் பட்டால் அந்த இடம் பழுப்பாகிவிடும், அதனால் முகையிலேயே இடத்தில் நிறுத்திவிட்டுப் பிறகு தொடக்கூடாது. லைலாக் பொறுமையைச் சோதிக்கும், ஐந்து வாரமும் ஆகலாம். அதற்காக நான் இப்போது மெனக்கெடுவதில்லை.

பூனைவால் போல் வெள்ளி ரோமம் போர்த்திய புஸ்ஸி வில்லோவுக்கு மட்டும் விதியே வேறு. தண்ணீரில் வைத்தால் வெள்ளி ரோமத்துக்குள்ளிருந்து மஞ்சள் மகரந்தம் வெளிவந்து மேசையெல்லாம் கொட்டும். சில வாரத்தில் அடியில் வேரும் விடும். வெள்ளி நிலையிலேயே நிற்க வேண்டுமென்றால் ரோமம் முழுதாக வெளிப்பட்டதும் தண்ணீரை அகற்றிவிட்டு வெறும் சாடியில் வையுங்கள். அப்படியே உலர்ந்து மாதக்கணக்கில் இருக்கும்.

நிகழ்ச்சிக்கென்று செய்யும்போது நாளைத் தவறவிடக் கூடாது என்பதற்காக ஒரே மரத்தில் மூன்று தவணையாக வெட்டுகிறேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஐந்து நாள். முந்தியது பிந்தியது என்று எதுவானாலும் ஒரு தவணை கைகொடுக்கும். வேகமாகப் போகும் கிளைகளை முகையில் பிடித்து நிறுத்தவும் முடியும். 2 முதல் 5 டிகிரி வரை குளிர்ந்த, இருண்ட இடத்தில் தண்ணீரோடு வைத்தால் ஒரு வாரம் அப்படியே தூங்கும். ஆனால் அதே குளிர்பெட்டியில் பழம் இருக்கக் கூடாது. பழுக்கும் ஆப்பிள் வெளிவிடும் எத்திலீன் வாயு மொட்டையும் பூவையும் உதிரவைக்கும். சாப்பாட்டு மேசையில் பழக்கூடையும் செர்ரிக் கிளையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தால் என் கை தானாகக் கூடையை நகர்த்திவிடும்.

கிளையை ஏற்றிக்கொண்டு போவதும் தனி வேலை. அடியிலிருந்து நுனி நோக்கி மெல்லிய தாளைச் சுற்றிக்கொண்டே போனால் பக்கக் கொப்புகள் வளர்ந்த திசையிலேயே மடங்கிக்கொள்ளும். நுனியிலிருந்து சுற்றினால் மொட்டுகள் பிய்ந்துவரும். கதவிலிருந்து வண்டி வரை பத்தே அடிதானே என்று மலர்ந்த கிளையை உறைகுளிரில் மூடாமல் தூக்கிப்போய், மேடைக்கு வந்ததும் இதழ்கள் கண்ணாடிபோல் கசங்கிக் கிடந்ததை ஒரு தடவை கண்டிருக்கிறேன். அன்றிலிருந்து அந்தப் பத்தடிக்கும் பிளாஸ்டிக் உறைதான்.

அடுக்குவதற்கு வருகிறேன். நீளத் தண்டுள்ள பூவைப்போலத்தான் கிளை என்று நினைத்து வெகு காலம் அடுக்கினேன். சாடி நிறையக் கிளை, இடைவெளியே கிடையாது. ஒரு நாள் அக்கா வந்து, ஒன்றும் பேசாமல், பதினொரு கிளையில் எட்டை உருவி எடுத்துக் கீழே வைத்தார். மிச்சம் மூன்று. அப்போதுதான் அந்த மூன்றின் கோடும் எனக்குத் தெரிந்தது. ஒன்று எழுந்து வலது பக்கம் வளைகிறது, ஒன்று அதன் நிழல்போலக் கூடவே போகிறது, குட்டியானது சாடியின் விளிம்பில் எதிர்ப்பக்கம் சாய்கிறது. பூ பத்து நாளில் போய்விடும். கோடு முதல் நாளிலிருந்தே, மொட்டாக இருக்கும்போதும், பூ உதிர்ந்த பிறகும் இருக்கிறது. அதனால் நான் கிளையைத் தேர்ந்தெடுப்பது பூவுக்காக அல்ல, கோட்டுக்காக.

இகேபானா என்ற ஜப்பானிய மலர் அலங்காரக் கலையைக் கற்றவர்களுக்கு இது அரிச்சுவடி. சோஃபு தெஷிகஹாரா 1927-இல் தொடங்கிய சொகேட்சு பள்ளியின் அடிப்படை வடிவத்தில் மூன்று கிளைகளுக்கும் அளவு உண்டு. சாடியின் உயரத்தையும் அகலத்தையும் கூட்டி, அதன் ஒன்றரை மடங்கு முதல் கிளை. அதில் முக்கால் பங்கு இரண்டாவது. அதிலும் முக்கால் பங்கு மூன்றாவது. கையில் அளவு பழகும் வரை அளவுகோல் வைத்தே வெட்டினேன். பழகிய பிறகு மீறலாம், மீறும்போது எதை மீறுகிறோம் என்று தெரிந்திருக்கும்.

கிளைக்கு முகம் உண்டு. வெயில் பார்த்த பக்கத்தில் மொட்டுகள் நிமிர்ந்திருக்கும், அடிப்பக்கத்தில் குறைவு. மரத்தில் கிடைமட்டமாக நீண்டிருந்த கிளையைச் சாடியில் செங்குத்தாக நிறுத்தினால், என்ன தவறென்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவர் கண்ணுக்கு உறுத்தும். வெட்டும்போதே எந்தப் பக்கம் வானம் பார்த்தது என்று ஒரு நூல் கட்டி வைத்துவிடுவேன். பிறகு சாடியில் வைத்த பின் மறுபடி கத்தரி. ஒன்றையொன்று குறுக்கிடும் கொப்பு, உள்நோக்கி வளரும் கொப்பு, கோட்டை மறைக்கும் கொப்பு என மூன்றில் ஒரு பங்கு போகும். அத்தனை நாள் காத்து வளர்த்த மொட்டை வெட்டக் கை தயங்கும். வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டிய சின்னக் கொப்புகள் வீணில்லை, ஒரு தம்ளர் தண்ணீரில் ஜன்னலோரம் வைத்தால் அவையும் பூக்கும்.

வளைவு போதாவிட்டால் இரண்டு கட்டைவிரலையும் ஒன்றாக அடியில் ஊன்றி, மெல்ல அழுத்திக்கொண்டே கிளை நெடுக நகர வேண்டும். வில்லோவும் ஃபோர்சித்தியாவும் இணங்கும். க்வின்ஸ் சட்டென்று முறியும், அதன் போக்கிலேயே விடுவதுதான் நல்லது.

நிற்கவைப்பதில் ஒரு விபத்தைச் சொல்லியே தீர வேண்டும். ஒன்றரை மீட்டர் மக்னோலியாவை உயரமான மெல்லிய கண்ணாடிச் சாடியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மாலை வரை நேராக நின்றது. இரவில் ஒரு பக்கத்து மொட்டுகள் விரிந்து கனம் கூட, தண்ணீரும் குறைய, சாடி சாய்ந்து நொறுங்கியது. யாரும் அருகில் இல்லாதது நல்ல காலம். கிளை ஒரு நெம்புகோல். நீளம் கூடக்கூட அடியில் இழுக்கும் விசையும் கூடும். இப்போது கனமான மண் அல்லது கல் சாடிதான், அதன் அடியில் கூழாங்கல். கண்ணாடிதான் வேண்டும் என்றால் தடித்த கண்ணாடி, குட்டைக் கிளை. பூ செருகும் பச்சை ஃபோம் கட்டியில் மரக்கிளையைச் செருகாதீர்கள். இரண்டாவது முறை திருப்பும்போதே அது பொடிந்துவிடும். தாழ்ந்த தட்டுக்குக் கென்சான் என்ற ஊசித் தட்டு. கிளையின் அடியைப் பிளந்து நேராகக் குத்தி, பிறகு வேண்டிய பக்கம் சாய்க்க வேண்டும். உயரச் சாடிக்குக் கோழிவலைக் கம்பியைப் பந்தாகச் சுருட்டி உள்ளே விடலாம். எனக்கு மிகவும் பிடித்தது எதையும் விலைக்கு வாங்கத் தேவையில்லாத முறை: வெட்டி எறிந்த கொப்பிலிருந்து ஒரு துண்டைச் சாடியின் வாய்க்குள் குறுக்காக இறுக்கிவிடுவது. கிளை சாடியின் அடியில் ஓரிடம், அந்தக் குறுக்குக் குச்சியில் ஓரிடம், விளிம்பில் ஓரிடம் என மூன்று இடத்தில் தொட்டுக்கொண்டால் அசையாது.

கூடச் சேர்க்கும் பூக்களைப் பற்றிச் சுருக்கமாக. டாஃபடிலின் தண்டிலிருந்து கசியும் பிசின் மற்ற பூக்களைக் கெடுக்கும். தனி வாளியில் ஓர் இரவு வைத்து, மறுபடி தண்டை வெட்டாமல் சேர்க்க வேண்டும். டூலிப் வெட்டிய பிறகும் வளரும், வெளிச்சம் பார்த்து வளையும். கிளையின் கோட்டுக்குக் குறுக்கே வந்து நிற்கும் என்பதால் முதலில் சற்றுத் தாழ்வாக வைப்பேன். ஹெல்லபோர் நடுவில் விதைக்கூடு பருக்கத் தொடங்கிய பிறகு வெட்டினால்தான் தலை நிமிர்ந்து நிற்கும். இவை ஐந்தாறு நாளில் வாடும், கிளை இரண்டு வாரம் தாக்குப்பிடிக்கும். ஆகவே சின்னப் பூக்களைத் தனித்தனி நீர்க்குழல்களில் வைத்துக் கிளையின் அடியில் மறைத்துவிட்டால், கிளையைத் தொடாமலே அவற்றை மாற்றிக்கொண்டு போகலாம். வீட்டில் குழந்தையோ வளர்ப்புப் பிராணியோ இருந்தால் டாஃப்னே என்ற பூப்புதர் வேண்டாம், அது முழுக்க நச்சு. வாடிய செர்ரி இலையும் கொப்பும்கூட விலங்குகளுக்கு ஆபத்து, கீழே விழுந்ததை உடனே பெருக்கிவிடுங்கள்.

அந்தக் காய்ந்த மேடைக்கு மறுவருடம், அதே இடத்தில் பிப்ரவரி கடைசியில் இன்னொரு நிகழ்ச்சி வந்தது. பழைய தோல்வியை அவர்கள் மறக்கவில்லை, இருந்தும் கேட்டார்கள். குளிர் நாட்களை எண்ணி, 49-ஆம் நாள் முதல் தவணை வெட்டினேன். முந்தின நாள் இரவு மேடையில் நிறுத்தும்போது கிளை முழுக்க முகை. காலையில் கதவைத் திறந்தபோது பாதி மலர்ந்திருந்தது. மாலை விளக்குப் போடும் நேரத்துக்கு அலர்.

நிகழ்ச்சி முடிந்து மூன்று கிளையை வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஆறாம் நாள் மேசையெல்லாம் இதழ். பலர் அன்றே கிளையைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். நான் தண்ணீரை மாற்றி, அடியைச் சீவி, அதே இடத்தில் விட்டேன். பூ இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒல்லியான அந்த இலைமொட்டுகள் விலகி, செம்பு நிறம் கலந்த இளம்பச்சையில் தளிர் வந்தது. வெளியே இன்னும் பனி உருகவில்லை. அந்தத் தளிர்க் கிளைகள் என் மேசையில் மேலும் ஒன்பது நாள் நின்றன.